காரணம் எழுதாத கட்டம்

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். இந்த நான்கு மாதங்களின் கடைசி நாள் சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். நான் மட்டும் போவேன். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன், தெருவில் எதிர்வீட்டுக்காரன் என்ற இரட்டை உரிமை எனக்கு இருந்தது. அதோடு, ஒரு மனுஷன் தன்னைத்தானே கூண்டில் ஏற்றி விசாரிப்பதை வேடிக்கை பார்ப்பதில் ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்ததும் குளிப்பார். துவைத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, உள்ளறையிலிருந்த மர அலமாரியைத் திறப்பார். கதவின் உட்பக்கம் நாலு மூலையிலும் சின்ன ஆணி வைத்து ஒரு தாள் அடித்திருக்கும். ஆபீஸ் தாள் மாதிரியே கோடு கிழித்தது. முதல் கட்டத்தில் அந்த மூன்று மாதத்தில் செய்ய நினைத்த காரியம். அடுத்ததில் 'ஆயிற்று' அல்லது 'ஆகவில்லை'. கடைசிக் கட்டம் காரணம் எழுதுவதற்கு. அதைத்தான் எல்லாவற்றையும் விட அகலமாக விட்டிருப்பார்.

மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார். ஆகாத காரியத்தை அடித்துவிட அவருக்கு அனுமதி கிடையாது. அனுமதி மறுத்தவரும் அவரேதான். அது அடுத்த தாளில் முதல் வரியாக ஏறிக்கொள்ளும். ஆகிற வரைக்கும் ஒவ்வொரு தாளிலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

மூக்குப்பொடியை விடுவது என்ற வரி அப்படி ஏழு தாள் ஏறியது. ஏழு தாளிலும் காரணக் கட்டத்தில் 'மனம் வலுவில்லை' என்று எழுதியிருந்தார். எட்டாவதில் 'ஆயிற்று' வந்தபோது அவர் மனைவி எங்கள் வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தனுப்பினாள். சாமுண்டி மலைப் படிகளை எங்கும் உட்காராமல் ஏறுவது என்று ஒரு வரி இருந்தது. ஒரு தரம் அதற்குக் காரணம், 'நந்திக்குச் சற்று முன்னால் உட்கார்ந்துவிட்டேன், யாரும் பார்க்கவில்லை' என்று எழுதினார். யாரும் பார்க்காததை எதற்கு ஐயா எழுத வேண்டும் என்று நான் சிரித்தேன். அவர் என்னைப் புரியாதவர் போலப் பார்த்தார்.

அவர் கொள்ளேகால்காரர். அந்த ஊர் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அவர் குடும்பத்தில் ஏர் பிடிக்காத முதல் ஆள் அவர்தான். பேனாவைக் களைக்கொத்து மாதிரி இறுக்கிப் பிடிப்பார். எங்கள் குடும்பமோ ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பாதிக் கன்னடம், பாதி இங்கிலீஷ் கலந்த என் தமிழைக் கேட்டு அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆபீஸில் எல்லோரும் காலாண்டுக்காரர் என்றுதான் சொன்னோம்.

எங்கள் ஆபீஸின் வேலையே காலாண்டுக்குக் காலாண்டு தாலூகாக்களிலிருந்து வரும் ரிட்டர்ன்களைச் சேர்த்து மேலே அனுப்புவது. எத்தனை கிணறு வெட்டினார்கள், எத்தனை ஏரிக்கரை பலப்படுத்தினார்கள், எத்தனை எலி பிடித்தார்கள் என்று சமஸ்தானம் முழுவதும் எங்கள் மேஜைக்கு வந்து சேரும். கடைசி நாளன்று ரிட்டர்ன் மேலதிகாரி கையில் இருக்க வேண்டும். ஆனால் கடைசி வாரத்து விவரம் அதற்குள் எங்கே வரும்? அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. நடக்கப்போவதை நடந்துவிட்டதாக முன்னாலேயே எழுதிவிடுவோம். எப்படியும் நடந்துவிடும், நடக்காவிட்டால் அடுத்த ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம். சிரஸ்தார் முதல் கடைநிலை குமாஸ்தா வரை இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. எனக்கு இது கை வந்த கலை.

அவர் மட்டும் எழுத மாட்டார். இருபத்தைந்தாம் தேதி வரைக்கும் தெரிந்ததை எழுதி, 'மீதி தெரியவில்லை' என்று கீழே குறிப்புப் போடுவார். ஒரு தாலூகாவில் கிணறு வெட்டி முடிந்தது என்று அதன் அதிகாரியான அமில்தார் எழுதியிருந்தார். இவர், தண்ணீர் வந்ததா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தக் கேள்விக்கு மூன்று மாதம் பதில் வரவில்லை. சிரஸ்தார் தலையில் அடித்துக்கொண்டார். இவர் என்னிடம், "ஆகலைன்னா ஆகலைன்னு எழுதறதுல என்னங்க வெக்கம்?" என்றார். அதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

என்னையும் ஒரு வருஷம் தாள் எழுதவைத்தார். நான் ஐந்து காரியம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தும் ஆகவில்லை. காரணக் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காலியாகவே கொண்டுபோய்க் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்தவர், "காரணம் இல்லாம ஒண்ணும் நிக்காதுங்க. எழுதப் பயந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து அவரிடம் எனக்கு மரியாதையும் இருந்தது, ஒரு புகைச்சலும் இருந்தது.

'மகனை அடிக்காமல் இருப்பது' என்று ஒரு வரி. ஒரு மார்ச் கடைசியில் 'ஆகவில்லை, இரண்டு முறை அடித்தேன்' என்று படித்தார். பத்து வயதுப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு, மூணு தடவை என்றான். அவர் யோசித்தார். பிறகு இரண்டை அடித்து மூன்று என்று திருத்தினார். பையனிடம் அதைக் காட்டவும் செய்தார். அந்த வீட்டில் அந்தத் தாளுக்கு எதிராக யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேச என்ன இருக்கிறது? அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவர் மனைவிக்கு எழுத்து தெரியாது. அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது என்ற வரி நாலு தாள் ஏறியது. அந்தத் தாளையே பாடப்புத்தகமாக வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். அவள் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல் 'ஆயிற்று'. அதை என் மனைவியிடம் வந்து சொன்னபோது அவள் முகம் சிவந்திருந்ததாம். ஐந்து வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அலமாரிக் கதவைத் திறந்து தினம் ஒரு வரி படித்துக்காட்டுவாளாம்.

இனி அந்தச் செப்டம்பரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

மைசூரில் மழை ஓய்ந்தால் பிளேக் பயம் தொடங்கிவிடும். வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலடிக்கும். அதற்குப் பயந்தே பாதிப்பேர் ஒளிந்துகொள்வார்கள். அவர் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஜூலையில் அடிக்கும் தாளிலேயே நாலு பேருக்கும் நாலு வரி எழுதிவிடுவார். அந்த வருஷம் மனைவி கொள்ளேகாலுக்குத் தங்கையின் பிரசவத்துக்குப் போகும் முன்பே அவளுக்குப் போட்டாயிற்று. அவள் ஊரில் இருக்கும்போது இவர் தானும் போட்டுக்கொண்டு, பையனுக்கும் போட்டார். பெண்ணுக்கு மட்டும் அன்றைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தணிந்ததும் கூட்டி வா என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் தசரா செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. லீவுக்கு முன்னால், புதன்கிழமைக்குள் ரிட்டர்னை முடித்து அனுப்பும்படி உத்தரவு. வீட்டுத் தாளையும் ஆபீஸ் ரிட்டர்னையும் ஒரே நாளில் முடிப்பது அவர் வழக்கம். ஆகவே அந்தப் புதன்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு உட்கார்ந்தார். நானும் வழக்கம்போல் போய் உட்கார்ந்தேன். குழந்தைகள் என் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாளைப் போல ஒரு தாள் அதுவரை அமைந்ததில்லை. பதினோரு வரி. பத்து வரியிலும் 'ஆயிற்று'. மலைப்படி கூட ஆகிவிட்டது. காரணக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. பெண்ணின் ஊசி மட்டும் பாக்கி.

"சளி நின்னுபோச்சுங்க. நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். பேனா அந்த வரியின் மேலேயே நின்றது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த மனுஷன் ஒரே ஒரு தரம் எங்களைப் போல ஆகட்டும் என்று தோன்றியது. அடுப்பில் போட்ட என் தாள் ஞாபகம் வந்தது.

"நாளைக்குப் போடத்தானே போறீங்க? இன்னிக்கே எழுதிட்டா என்ன குடி முழுகிப் போச்சு? ஆபீஸ்ல நாங்க எல்லாரும் எழுதலையா?" என்றேன்.

அவர் உடனே எழுதவில்லை. தாளை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். நிறைவாக ஒரு தாளைப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்தது. அது எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன். 'ஆயிற்று' என்று எழுதினார். நான் முதுகில் தட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். தாளைக் கொண்டுபோய்க் கதவில் அடித்தார்.

வியாழக்கிழமையிலிருந்து எனக்கு லீவு. அன்று ஆபீஸில் ஒரு தாலூகாவில் ஏரி உடைந்த செய்தி வந்து, அவரை இருட்டும் வரை விடவில்லையாம். வெள்ளிக்கிழமை விடிகிற ரயிலில் அதிகாரியோடு அந்தத் தாலூகாவுக்குக் காம்ப் போகும்படி ஆயிற்று. குழந்தைகளை என் மனைவியிடம் விட்டு, இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். நான் எழுந்திருக்கும்போது அவர் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி கொள்ளேகாலிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் காம்ப் பதினோரு நாளாக நீண்டது.

திங்கட்கிழமை ஊசி போடுகிறவர்கள் எங்கள் தெருவுக்கே வந்தார்கள். வீடு வீடாகக் கேட்டார்கள். அவர் மனைவி உள்ளே போய் அலமாரியைத் திறந்து தாளைப் படித்தாள். நாலு வரி, நாலு 'ஆயிற்று'. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆயிருச்சுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டாள். குழந்தையின் கையில் வீக்கம் இல்லையே என்று அவள் நினைத்திருக்கலாம். நினைத்தாலும், அவர் கையால் எழுதியதை விடவா? என் மனைவி ராத்திரிச் சாப்பாட்டில் இதை என்னிடம் சொன்னாள். வியாழக்கிழமை எப்படியோ கூட்டிப்போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மோர் ஊற்றிக்கொண்டேன். எழுந்து எதிர்வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்.

இரண்டு நாளில் தெருக்கோடி தானிய மண்டியில் எலி செத்து விழுந்தது. தெருவைக் காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே தட்டி ஷெட்டுகளுக்கு அனுப்பினார்கள். தசராவின் கடைசி நாள் யானை ஊர்வலமான ஜம்பு சவாரி அன்று பீரங்கிச் சத்தம் ஷெட் வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. மறுநாள் தொடை இடுக்கில் கட்டி.

டாக்டர் வந்து, ஊசி போட்டதா என்று கேட்டார். போட்டதுங்க என்றாள் தாய். "சீட்டி எல்லம்மா?" என்று அவர் கன்னடத்தில் சீட்டு எங்கே என்று கேட்டார். ஊசி போட்டவர்களுக்கு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். பையனுடையது இருந்தது, பெண்ணுடையது இல்லை. அவள் துணி மூட்டையை அவிழ்த்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக் கதவிலிருந்து கழற்றி எடுத்து வந்திருக்கிறாள்.

"இதோ எழுதீருக்குதுங்க. ஆயிற்றுன்னு எழுதீருக்குதுங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் படித்துச் சொன்னேன். அவர் தம் பதிவுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேர் இல்லை என்றார். குழந்தை மறுநாள் விடியும்போது போய்விட்டது.

காம்ப்பிலிருந்து அவர் அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஷெட் வாசலில் அவள் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தாள். அழவில்லை.

"போட்டதுங்களா, இல்லீங்களா?"

"இல்லை" என்றார்.

நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, இருவரும் ஆபீஸுக்கு நடந்து போகும்போது அவராகவே பேசினார். "காம்ப்ல மூணாம் நாளே கார்டு வாங்கி வெச்சேனுங்க. குழந்தைக்குப் போடலை, கூட்டிக்கிட்டுப் போன்னு எழுதோணும். அப்ப தாள்ல எழுதினது பொய்யின்னும் எழுதோணுமில்லீங்க? வெக்கமா இருந்துச்சு. நாளைக்கு ஊருக்குப் போயிருவோம், நாமளே கூட்டிக்கிட்டுப் போயிரலாமுன்னு வெச்சுட்டேன். தினமும் நாளைக்குன்னே வெச்சுட்டேனுங்க."

அந்தக் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். விலாசம் மட்டும் எழுதியிருந்தது. நான் அப்போதே என் தப்பைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆபீஸ் வாசல் வந்துவிட்டது.

டிசம்பர் கடைசியில் நான் போகவில்லை. மார்ச்சில் போனேன். குளித்து, திருநீறு பூசி, தாளோடு உட்கார்ந்திருந்தார். மனைவியும் பையனும் எதிரில் இருந்தார்கள். முதல் வரி பெண்ணின் பெயர். பிளேக் ஊசி. ஆகவில்லை. உரக்கப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஆகாத காரியத்தை அடிக்க அவருக்குத்தான் அனுமதி கிடையாதே. அதன் பிறகு நான் எதிர்வீட்டுக்காரனாக மட்டும் இருந்துகொண்டேன். அந்தச் சாயங்காலங்களில் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பேன். சாத்தின கதவுக்கு உள்ளேயும் அவர் படிக்கும் சத்தம் வரும்.

ஆபீஸில் நாங்கள் முன்னாலேயே எழுதுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. அவர் வழக்கம்போல் 'மீதி தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

பத்து வருஷம் கழித்து, உத்தியோகத்தில் இருக்கும்போதே அவர் மாரடைப்பில் போனார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கொள்ளேகாலுக்குத் திரும்பிய பிறகு அவர் மனைவி என்னை வரச்சொன்னாள். அலமாரியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நாற்பது தாள் இருக்கும். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றே. தலைமயிர் நரைத்து, கண்ணாடி போட்டு, அவள் ஒவ்வொரு தாளிலும் அந்த வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஷெட்டில் டாக்டருக்குக் காட்டிய அதே விரல்.

"மூக்குப்பொடிக்குக்கூட மனம் வலுவில்லைன்னு எழுதின மனுசனுங்க, அண்ணா. பாப்பாளுக்கு மட்டும் ஒருக்காக்கூடக் காரணம் எழுதலை. ஏன் அப்படி எழுதினீங்கன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன். தலையைக் குனிஞ்சுக்குவாரு. அவரா அப்படி எழுதற ஆள் இல்லீங்க. அது எனக்குத் தெரியும். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

நான் தாளைப் பார்த்தேன். அகலமாக விட்டிருந்த கட்டம். ஒரு பேர் எழுதத் தாராளமாக இடம் இருந்தது. பத்து வருஷமும் அவர் அந்தப் பேரை எழுதாமல் வைத்திருந்தார்.

"இல்லம்மா. அவர் ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.